வண்டிப்பாதைக்கு மேல் தண்ணீர்

டிசம்பர் 27, சனி

வாடைக்காற்று. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது. மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கின் இரைச்சல் அடுப்படி வரை கேட்கிறது.

கிறிஸ்துமஸ் முறுக்கு நமுத்துவிட்டது. கங்கைகொண்டான் கம்பெனியில் கூட வேலைபார்க்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "நமுத்ததக் கொண்டு குடுத்தா யாரு பேரு கெடும்?" என்று கேட்டபடி நின்ற இடத்திலேயே பாதியைத் தின்றார்.

பஞ்சாயத்தில் கூட்டம். பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு உறுதி. எங்கள் மகளிர் குழுவுக்கு மூன்று. மோட்டார் கூடாது, பறவை மிரளும்; துடுப்புதான். ஓட்டப்போவது நான், பேச்சி, கோமதி. துடுப்புப் பயிற்சி போன மாதமே முடிந்தது. கை காய்ப்பு இன்னும் இருக்கிறது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நிபந்தனை. ஓட்டுகிறவருக்கு நீச்சல் தெரிய வேண்டும். படித்துறையிலிருந்து குளத்துக்குள் கருவேல மரம் நிற்கும் கருவை மேடு வரை போய்த் திரும்ப வேண்டும், மிதவைச் சட்டை இல்லாமல். ஏழாம் தேதி சோதனைக்கு அதிகாரி வருகிறார். தேறாதவர் கரையில் டிக்கெட் கிழிக்கலாமாம்.

மூன்று பேருக்கும் தெரியாது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. கோமதி தலையை வேறு ஆட்டினாள்.

நான் பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் ஆறு என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு குளத்தைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. நடுவிலிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்று கேட்காத நாளில்லை. படகுக்கு மனு எழுதியது நான். அலைந்தது நான். டிக்கெட் கிழிக்க மாட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

வெயில் பளிச்சென்று. கோயில் ஆராதனை முடிந்து கரை வழியாக வந்தேன். கார்கள் வரிசையாக. விடுமுறைக் கூட்டம்.

படகில் வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று எழுதிவைக்க வேண்டும். இன்று காதில் விழுந்த கேள்விகள்:

இது ஏரியா, டேமா? (குளம். சென்னைக்காரருக்கு ஏரி, மலையாளிக்குக் காயல்.)
முதலை உண்டா? (கிடையாது.)
அந்தப் பெரிய கொக்கு பேரென்ன? (அது கொக்கே இல்லை, கூழைக்கடா.)
சாப்பிட என்ன கிடைக்கும்? (எல்லோரும் கேட்பது.)

சென்னைக் குடும்பம் ஒன்று. கணவன்: "ஏரி பெருசா இருக்கு, ஆனா ஒண்ணுமே இல்லையே." ஒன்றுமே இல்லையாம்! வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. இவர் வேளச்சேரியிலிருந்து வந்து ஒன்றுமில்லை என்கிறார். கரையில் நின்றால் அப்படித்தான். வாத்து எல்லாம் தெற்கே, கருவை மரக்கூட்டத்துக்கு அப்பால். புள்ளி புள்ளியாகத் தெரியும். பத்து நிமிஷம் நின்று, செல்பி எடுத்து, போய்விடுகிறார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம். சின்னப் பெண், "வாப்பா, போட்டு எங்க?" என்று விடாமல் கேட்டாள். வாப்பாவுக்கு துபாயில் வேலை, லீவு முடியப்போகிறதாம். "அடுத்த மாசம் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். "நீங்களா ஓட்டுவீங்க?" என்றது அந்தப் பெண். ஆமாம் என்றேன். என்ன தைரியம் எனக்கு.

எழுதவேண்டியது: மேற்கே மலையில் பெய்யும் மழை தாமிரபரணியாகி, அணையில் தடைபட்டு, கால்வாயில் திரும்பி, வழியில் குளம் குளமாக நிரப்பிவிட்டு நம்மிடம் வருகிறது. நாம் நிரம்பினால் மிச்சம் கலுங்கு தாண்டிக் கீழ்க்குளத்துக்கு. அதனால் நம் குளத்துக்கு மேலே அண்ணன்கள், கீழே தம்பிகள். (சுற்றுலாவுக்கு இது போதுமா? கோமதியிடம் காட்ட வேண்டும்.)

இன்னொன்று: மே மாதம் வராதீர்கள். மே மாதம் இங்கே தண்ணீர் கிடையாது, கிரிக்கெட்தான்.

டிசம்பர் 29, திங்கள்

இவரிடம் சொன்னேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீந்தவா? நீயா?"

"நானேதான். நீங்க இந்தக் குளத்துலதான வளந்தீங்க. சொல்லிக்குடுங்க."

"ஏட்டி, மழை பெஞ்சா நீ வாசல்ல எறங்க மாட்ட."

"இப்ப எறங்குதேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டீ குடித்துவிட்டு, "வா" என்று போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

நைட்டியோடு இறங்கினேன். அதற்குள் காற்று புகுந்து நான்கு பக்கமும் உப்பிக்கொண்டது. "இப்படியே இருந்தீன்னா நீ முங்கவே மாட்ட, போ" என்றார். திரும்பி வந்து மகளின் பழைய சுடிதார். அவள் ஹாஸ்டலில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

முதுகில் காலி எண்ணெய் கேன் இரண்டு, கயிற்றால். வயிற்றுக்கடியில் அவர் கை. "கால அடி. கால! கையில்ல, கால!" முகத்தைத் தண்ணீரில் வைக்க முடியவில்லை. மூக்கில் ஏறி உச்சந்தலை வரை எரிந்தது. பால்காரர் கரையில் சைக்கிளை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்டார். இவர், "சண்டைன்னா கேன கழட்டியிருக்க மாட்டேனா?" என்றார். இருவருக்கும் அவ்வளவு சிரிப்பு.

காதில் தண்ணீர் கொடகொடவென்று. உப்பு ஒத்தடம். நாளையும் போவேன்.

டிசம்பர் 31, புதன்

மேகம். முட்டங்கால் வலி. இட்லிக்கு ஊறப்போட மறந்தாயிற்று.

கேனோடு மிதக்கிறேன். கேன் இல்லாமல் கல்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். ஆட்டுக்குக் குழை வெட்டிய அரிவாளோடு அப்படியே. முகத்தில் பெரிய ரகசியம்.

"ஏட்டி எஸ்தரு, ஏன் கெடந்து சாவுத? நான் வழி கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன வழி?"

"வண்டிப்பாத."

சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. கோடையில் குளம் வற்றினால் எதிர்க்கரை ஊருக்குப் போக நடுவாக ஒரு வண்டிப்பாதை. டிராக்டர் போவதற்குச் சரள் அடித்து அடித்து மேடாகிவிட்டது. படித்துறையில் தொடங்கி, கருவை மேட்டை ஒட்டிப் போகும். இப்போது அது தண்ணீருக்கடியில். குளம் நிரம்பினாலும் பாதைமேல் நின்றால் நெஞ்சளவுதான். இரண்டு பக்கமும் வண்டல் அள்ளின பள்ளம், ஆள் முங்கும்.

"கீழ கால் பாட்டுக்கு நடக்கும். மேல கை பாட்டுக்கு நீந்தும். தண்ணி கலங்கல்லா கெடக்கு. எந்த ஆபீசருக்குத் தெரியும்?" பேச்சி வீட்டு நடுவில் நின்று செய்துகாட்டினாள். குனிந்து, கழுத்தை நீட்டி, கன்னத்தை உப்பி, கைகளை வீசி. கையில் அரிவாள் வேறு. நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கோமதிக்கும் சம்மதமாம். கோமதி பெரிய பண்ணை வீட்டுப் பெண்; அந்தக் காலத்தில் குளத்துக்குக் கீழே பாதி வயல் அவர்களுடையது. எதையும் யோசித்துத்தான் செய்வாள். அவளே சரி என்கிறாள் என்றால் நான் மட்டும் ஏன்?

தெரியவில்லை. ஆராதனைக்கு நேரமாகிறது. புதுப்புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவில்லை.

ஜனவரி 1, வியாழன்

புதுவருஷம். கோயிலில் வாக்குத்தத்தச் சீட்டு எடுத்தோம், ஆளுக்கொரு பைபிள் வசனம். தண்ணீரைக் கடக்கிற வசனம் இவருக்கு வந்தது. நீந்தத் தெரிந்தவருக்கு எதற்கு அது? எனக்கு வந்தது ஆட்டுமந்தை. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், கூடாதாம்.

மதியம் கறிக்குழம்பு. நான் நீச்சல் படிப்பதைக் கேட்டு மகள் போனில் சிரித்தாள். "அம்மா, அப்பாவ வீடியோ எடுக்கச் சொல்லு." எடுத்தால் போனை உடைப்பேன் என்றேன்.

ஜனவரி 3, சனி

நேற்று மழை, இறங்கவில்லை. இன்று நல்ல வெயில்.

ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மூன்று பேரும் வண்டிப்பாதையில் ஒத்திகை. சும்மா பார்க்கலாம் என்றுதான் போனேன்.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்: சுகமாக இருந்தது. காலடியில் சரள் உறுத்துகிறது. அந்த உறுத்தல் அவ்வளவு ஆறுதல். கையை வீசிக்கொண்டு, முகத்தை நனைக்காமல், ராணி மாதிரி கருவை மேடு வரை போய்விட்டோம். கோமதிக்குக் கொண்டைகூட நனையவில்லை. நிஜ நீச்சல்காரி தோற்றாள்.

திரும்பும்போது ஒரு தடவை என் வலது கால் பாதையை விட்டு நழுவியது. கீழே ஒன்றுமே இல்லை. பேச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நொடிதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒன்றுமில்லாதது காலில் இருக்கிறது.

யோசனை அங்கே தொடங்கியது. வாத்து இருப்பது பள்ளத்துப் பக்கம். படகு அங்கேதான் போகும். எழுந்து நின்று போட்டோ எடுக்காதவர் யார்? ஒரு பிள்ளை விழுந்தால் மிதவைச் சட்டை அதைத் தாங்கும், சரி. ஆனால் கத்தும். நான் படகில் உட்கார்ந்து துடுப்பை நீட்டிக்கொண்டிருப்பேனா? அந்தக் காயல்பட்டினத்துச் சின்னப் பெண்ணின் முகம் வந்து தொலைக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

பேச்சியிடமும் கோமதியிடமும் சொன்னேன், நான் பாதையில் வரவில்லை என்று.

கோமதி: "எல்லாரும் சட்டை மாட்டிட்டுத்தானக்கா இருப்பாங்க? நாம என்ன கடல்லயா ஓட்டப்போறோம்? முதல்ல படகு கையில வரட்டும். பெறவு பைய நீச்சல் படிச்சிக்கிடலாம்."

"படகு வந்த பெறவு யாரு படிப்பா, கோமதி?"

"அப்ப எங்களக் காட்டிக்குடுக்கப் போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? உங்க பாடு உங்களோட. நான் நீந்திப் போறேன்."

பேச்சி குறுக்கே விழுந்தாள். "ஏட்டி, கேன் இல்லாம ரெண்டு கை தூரம் போவியா நீ? தேறலன்னா உன்னைய டிக்கெட் கிழிக்க வச்சிருவான். நீ இல்லாம எங்களுக்கு என்ன படகு?"

எழுந்து வந்தேன். கோபம் அவள்மேல் இல்லை. அவள் சொன்னது உண்மை, அதனால் கோபம்.

இரவுச் சாப்பாடு: ரசம், அப்பளம். படுக்கும்போது இவர், "காலைல கேன் வேண்டாம்" என்றார்.

ஜனவரி 5, திங்கள்

மிதந்தேன்.

கேன் இல்லை. வயிற்றுக்கடியில் அவர் கை இருக்கிறது என்று நினைத்துக் காலை அடித்துக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் மனுஷர் அங்கே படியில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார். பார்த்த உடனே முங்கினேன். எழுந்து வந்து வாயில் வந்தபடி திட்டினேன். "எப்ப கைய எடுத்தீங்க? சொல்லிட்டு எடுக்க மாட்டீங்களா?"

"சொன்னா நீ முங்குவ."

பீடியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டேன். அப்புறம் திரும்பவும் போனேன். திரும்பவும். நேராக வரவில்லை, வடக்கே போக நினைத்தால் உடம்பு கிழக்கே போகிறது. சத்தம் அதிகம். நீர்க்காகம் எல்லாம் பறந்துவிட்டது. இருந்தாலும் போகிறேன்.

இவர் வீட்டுக்கு வரும் வழியில்: "பாக்கச் சகிக்கல. ஆனா போற."

இவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு இந்த ஜென்மத்தில் கிடையாது. சந்தோஷம். சந்தோஷம். சந்தோஷம்.

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, காதுக்குப் பஞ்சு.

ஜனவரி 6, செவ்வாய்

கருவை மேடு வரை போனேன், பள்ளத்துப் பக்கமாக. இவர் கூடவே வந்தார். திரும்ப முடியவில்லை, பாதையில் ஏறி நடந்து வந்தேன். நாளை திரும்பி வரவும் வேண்டும். பேச்சி கண்ணில் படவில்லை. முருங்கைக்காய் மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜனவரி 7, புதன்

இன்று எழுத்துக் கோணலாக வரும்.

காலையில் பனி, பிறகு வெயில். அதிகாரி வந்தார். சின்ன வயசு, தூத்துக்குடிப் பக்கம். நல்ல மனுஷர், டீ வேண்டாம் என்றார். கையில் விசில். காற்றடைத்த டியூபோடு ஒருவர் படகில் தயார். கரையில் பாதி ஊர். இவர் ஷிப்ட் முடிந்து தூங்காமல் நின்றார்.

மூன்று பேரும் ஒன்றாக இறங்கினோம். விசில். கோமதி முதலில், பாதைமேல், அழகாக. அவளுக்குப் பின்னால் பேச்சி. நான் வலது பக்கம் விலகிப் பள்ளத்துக்குப் போனேன். பேச்சி பல்லைக் கடித்து, "இங்கன வாட்டி, இங்கன வா" என்றாள். கேளாத மாதிரி போனேன்.

காது தண்ணீருக்கு மேலே வரும்போது மட்டும் கேட்டது. துண்டு துண்டாக.

அதிகாரி: "முன்னால போற அம்மா பிரமாதம்... ரெண்டாவது அம்மாவும் நல்லா..."

பிறகு: "அந்த மூணாவது அம்மாவுக்குத் தெரியல போலயே. டியூப் போடுங்க, டியூப்!"

இவர் குரல்: "வேண்டாம் சார்! அவ நீச்சலே அப்படித்தான்!"

கரையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்து முங்கினேன். எழுந்தேன். திரும்பவும் முங்கினேன். பயம் இல்லை, எழுந்துவிடுவேன் என்று தெரியும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போதுதான் அந்த அலறல். "ஏட்டி எஸ்தரு! கையக் குடுட்டி!"

தலையைத் திருப்பினால், குளத்து நடுவில் பேச்சி நிற்கிறாள். நெஞ்சளவுத் தண்ணீரில், நேராக, தூண் மாதிரி, கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு. கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் போன கோமதி இன்னும் கொஞ்ச தூரம் கையை வீசிப் பார்த்தாள். பிறகு அவளும் எழுந்து நின்று, திரும்பிப் பேச்சியை நோக்கி நடக்கத் தொடங்கினாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க, குளத்துக்கு நடுவே நடந்தாள்.

நான் நிற்கவில்லை. நிற்க இடமும் இல்லை. காலை அடித்தேன். பின்னால் ஏதோ தண்ணீர் சலசலப்பு, கோமதியின் கூச்சல். என்னவென்று பார்க்கவில்லை, பார்த்தால் மூச்சுத் தப்பும். கருவை மேட்டில் ஒரு கிளையைப் பிடித்தேன். தலைக்கு மேல் நாரைகள் கிளம்பின. திரும்பிப் பார்த்தேன்: கோமதி பேச்சியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அடிக்கிறாள் போலும் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பாதையில் ஏறச் சொல்லி உடம்பு கெஞ்சியது. ஏறவில்லை. படித்துறையில் கை பட்டதும் இவர் என்னைத் தூக்கிவிட்டார். துண்டைப் போர்த்திவிட்டார்.

அதிகாரி விசிலைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்க மட்டும் ஏம்மா அந்தப் பக்கம் போனீங்க?"

"படகு அங்கனதான சார் போகும்."

தேறியது நான் ஒருத்தி. பேச்சிக்கும் கோமதிக்கும் அடுத்த மாதம் மறுசோதனை, கலுங்குப் பக்கம், ஆழத்தில். பொங்கலுக்கு ஒரு படகுதான் ஓடும். என்னிடம் அவர், "முகத்தக் கொஞ்சம் மேல வச்சுப் பழகுங்கம்மா, பாக்கிறவங்க பயப்படுதாங்க" என்றார்.

ஜனவரி 8, வியாழன்

உடம்பெல்லாம் வலி. கஞ்சி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஆள் வரவில்லை.

காலையில் கோமதி வந்தாள். சண்டைக்கு என்று நினைத்துத் தயாராக நின்றேன். உட்காரக்கூட இல்லை.

"பேச்சிய வந்து பாருங்க. ராத்திரியெல்லாம் இருமல். தண்ணி நெறைய உள்ள போயிட்டு."

"அவ பாதைமேலதான நின்னா?"

"எங்க நின்னா? நீங்க முங்குனதப் பாத்துப் பாதைய விட்டு எறங்கிட்டாக்கா. ஒரு கால் வச்சா, தரை இல்ல. அப்பவும் மத்தக் காலையும் எடுத்துட்டா. கரையில உள்ளவங்களுக்குச் சண்டையாத் தெரிஞ்சிருக்கும், நான் ஓடிப்போய் முடியப் பிடிச்சு இழுத்தேன். இல்லன்னா..."

செருப்புகூடப் போடாமல் போனேன். பேச்சி கட்டிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது.

"நீந்தத் தெரியாம எதுக்குட்டி எறங்குன? அறிவு இருக்கா உனக்கு?"

"நீ முங்குனல்லா."

"முங்கலட்டி. நான் நீந்துனேன்!"

டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுக்குப் பேரு நீச்சலா?"